வாலண்டியரிசம்: ‘உவந்தேற்பு’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வாலண்டியரிசம் (volunteerism) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பங்கு இது.

புதுச்சேரி நண்பர் நேற்று எழுதியது:

> வாலண்டியர் என்றால் தன்னார்வலர். ஆகவே வாலண்டியரிசத்துக்குத் ‘தன்னார்வவாதம்’ என்றே வைத்துவிடலாம்.

முதல் பாதியில் எனக்கு மறுப்பில்லை. பிள்ளைகளுக்கு மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் வந்தபிறகு கடலூரில் எந்தத் தெருவிலும் தன்னார்வலர் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘வாதம்’தான் இடிக்கிறது. தீவிரவாதம், பிரிவினைவாதம் என்று கேட்டுப் பழகிய காதில் அது வேறுவிதமாக விழும். தவிர, அறிவைவிட விருப்புறுதியே முதன்மை என்னும் மெய்யியல் கொள்கைக்கும் (அது வாலண்டரிசம், வேறு சொல்) ஒரு பெயர் தேவைப்படும். ‘வாதத்தை’ அதற்கு விட்டுவைப்போம்.

பெயருக்கு முன் பொருளைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கூலி வாங்காமல் செய்வது என்று மட்டும் வரையறுத்தால் பிழையாகிவிடும். சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யும் கூலியில்லாத உழைப்புதான்; ஆனால் ஊரார் தலையில் கட்டிய உழைப்பு. ‘அமஞ்சி’யும் அப்படித்தான். வருகைப்பதிவுக்காக நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நான் மண்வெட்டி பிடித்த முதல் இரண்டு நாளையும் அந்தக் கணக்கில்தான் வைப்பேன். தன்னார்வப் பணி பற்றி ஐ.நா. பொதுப்பேரவை 2001-இல் ஏற்ற தீர்மானமும் சொந்த விருப்பம், பண ஊதியம் முதன்மை நோக்கமாக இல்லாமை, பொதுநன்மை என்று மூன்றைச் சேர்த்தே சொல்கிறது.

அந்த மூன்றுக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருப்பதாக எனக்குப் படுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். வெளிமாவட்ட மின்வாரியத் தொழிலாளர்கள் வந்து கம்பம் நட்டார்கள். உயிரைக் கொடுத்து உழைத்தார்கள், ஆனால் அது அவர்கள் சம்பள வேலை. அவர்களுக்குச் சோறாக்க எங்கள் தெருப் பெண்கள் முடிவு செய்தார்கள், யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ‘நிறுத்திவிடலாமா அத்தை?’ என்று பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கேட்டேன். ‘சொல்லிட்டோமேப்பா, நம்பி வருவாங்களே’ என்று கூடையை எடுத்துக்கொண்டு வீடுவீடாக அரிசி கேட்கப் போனார்.

தொடங்கும்போது இருந்தது விருப்பம். மூன்றாம் நாள் அது கடனாகிவிட்டது. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அப்பர் பாடியது நம் மாவட்டத்து மேலக்கடம்பூர்ப் பதிகத்தில்தான். கோயிலில் புல் செதுக்கும் உழவாரத்தை அவர் கையில் யாரும் திணிக்கவில்லை, ஆனாலும் ‘என் ஆர்வம்’ என்று பாடாமல் ‘என் கடன்’ என்றார். என் வரையறை இது: யாரும் சுமத்தாத பொதுவேலையைத் தன் கடனாக ஏற்றுக்கொள்வது. ‘தன்னார்வம்’ இதில் முன்பாதியை மட்டுமே சொல்கிறது.

‘தொண்டு’ முழுமையாகச் சொல்லும். ஆனால் தொண்டர் என்றதும் இன்று கட்சிக்கொடி கண்முன் வருகிறது. சென்ற வாரம் ஒருவர் தந்த ‘தன்னேற்பு’ அழகான சொல். உளவியலார் தன்னைத் தானே ஏற்றுக்கொள்வதைக் குறிக்க அதைக் கேட்பார்கள் என்பதே தயக்கம்.

எனவே ‘உவந்தேற்பு’ என்கிறேன். பதவியேற்பு, பொறுப்பேற்பு வரிசையில் வருவதால் நாவுக்குப் புதிதில்லை. உவந்து என்பதில் விருப்பமும், ஏற்பு என்பதில் கடனும் அடங்கிவிடுகின்றன. செயல் உவந்தேற்பு, கொள்கை உவந்தேற்பு நெறி, ஆள் இப்போதுபோலவே தன்னார்வலர். ‘உவந்தேற்பியம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னால் நாக்கு தடுக்குகிறது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்க்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். அது உவந்தேற்பில் சேருமா? சேரும் என்றே நினைக்கிறேன். அந்தத் தொகைக்காக மட்டும் தினமும் மாலையில் யாரும் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரமாட்டார்கள். ஆசிரியர்களாக உள்ள நண்பர்கள் இதற்கு அவசியம் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து