விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து ஐமேக்குக்குள் போக முடியவில்லை, உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ லேப்டாப், மச்சான் கொடுத்தது ஹை சியரா (மேக்கின் பழைய இயங்குதளம்) ஓடும் பழைய ஐமேக். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழா வீடியோக்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன, லேப்டாப்புக்குக் கொண்டுவந்து எடிட் செய்ய வேண்டும்.

இரண்டும் ஒரே வைஃபை. மேக்கில் ஃபைல் ஷேரிங் ஆன் செய்து, ஆப்ஷன்ஸுக்குள் எஸ்எம்பியை (விண்டோஸோடு ஃபைல் பகிரும் முறை) டிக் அடித்து, கீழே விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் என் கணக்கையும் டிக் செய்தாயிற்று. லேப்டாப்பில் நெட்வொர்க்கை பிரைவேட்டாக மாற்றிவிட்டேன். ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு மேக்கின் ஐபி முகவரியை அடித்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது, கொடுத்தால் தப்பு என்கிறது. அதே பாஸ்வேர்டில் மேக் ஒழுங்காகத் திறக்கிறது!

பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்டாகப் போகவும் புது விண்டோஸ் விடாது. அது பாதுகாப்புக்குத்தான், அதைத் தளர்த்த எனக்கு மனமில்லை.

பென்டிரைவ் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தால் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் ஏறாது, என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் ஒத்துவரும், சரி, ஆனால் ஒவ்வொரு தடவையும் யார் செருகிப் பிடுங்குவது?

பயனர் பெயராக மேக்கின் முழுப் பெயரைக் கொடுப்பதா, ஹோம் ஃபோல்டரில் இருக்கும் குறும்பெயரையா? அதற்கு முன்னால் ஐபி முகவரியும் சேர்க்க வேண்டுமா? விண்டோஸ் பழைய பாஸ்வேர்டை எங்காவது பிடித்து வைத்திருக்குமோ என்றும் சந்தேகம். இதே ஜோடியை இணைத்தவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள், டெர்மினல் கட்டளை என்றாலும் பரவாயில்லை.