ஐந்து தகடு அடுக்கினால் ஏன் இறுகுது?

சம்மாந்துறையிலிருந்து: அரிசி ஆலை மெஷினுக்கு 6 மி.மீ. தகடு ஐந்து அடுக்குறோம், ஒவ்வொன்றின் தடிப்பும் ±0.2 மி.மீ. கூடக்குறைய வரும். அடுக்கு இறங்க வேண்டிய இடைவெளி 30.5 மி.மீ. சில செற் இறங்குது, சிலது இறுகுது. எல்லாத்தையும் ±0.1 ஆக்கவா?

களுவாஞ்சிக்குடி: வேணாம் தம்பி, செலவு ஏறும். நேராகக் கூட்டினால் ±1.0, அதாவது 31 வரை போகும். ஆனா ஐந்தும் ஒன்றாய்த் தடிப்பது அரிது; ஒவ்வொரு 0.2இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±0.45தான், கூடினது 30.45, அனேகமா இறங்கும்.

கல்முனை: ஒரே தகட்டுத் தாளில் வெட்டினால் அந்த ±0.45 சரிவராது. தாள் தடிச்சால் ஐந்தும் சேர்ந்தே தடிக்கும், ±1.0 என்றே எடுங்க. ஐந்தாவதை 5 மி.மீ. ஆக்குங்க. மொத்தம் 28 முதல் 30, மிச்சம் 0.5 முதல் 2.5 வரை, அதைச் சிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) போட்டு நிரப்பலாம். வெட்டின விளிம்புப் பிசிரை முதலில் அராவுங்க, பாதி இறுக்கம் அதுதான்!

சம்மாந்துறை: சரி நானா, பிசிர் இருக்கு.