மறு: ஏர்வே – வழிக்கா, கருவிக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மயக்கவியல் தொழில்நுட்ப மாணவர்களின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடம் சொல் கிடைக்காமல் நிற்கிறது. மயக்கம் ஏறியதும் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். மாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக் காற்றுப் பையை அமுக்கினாலும் நெஞ்சு எழும்பாது. அப்போது வாய்க்குள் வைக்கும் வளைந்த பிளாஸ்டிக் கருவியும் ஏர்வே, உடம்பிலுள்ள வழியும் ஏர்வே. நேற்று வகுப்பில் "ஏர்வேயைத் திற" என்றேன். பொம்மையின் தலையை நிமிர்த்தாமல் ஒரு மாணவி கருவியின் உறையைப் பிரித்தார். அவரை எப்படிக் குறைசொல்வது? 'காற்றுவழி' உடம்புக்கே இருக்கட்டும். இதுவரை 'கெடல் ஏர்வே' என்று எழுதிவந்த கருவிக்கு ஒரு பெயர் தாருங்கள்.

---

ஐயா, 'மூச்சுத்தூம்பு' என்று வையுங்கள். உள்ளே புழை உடையது தூம்பு. மலைபடுகடாத்தில் வரும் 'களிற்றுயிர்த் தூம்பு' யானையின் பெருமூச்சுப் போல ஒலிக்கும் வங்கியம் என்ற ஊதுகுழல். மூச்சும் குழலும் அங்கேயே சேர்ந்துவிட்டன. அப்புறம், 'கெடல் ஏர்வே' என்று எழுதுவதை விடுங்கள். இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற புணர்ச்சி விதிகளைப் படித்தவர் காதில் அது அழிவாகவே விழும். நோயாளியின் மனைவி கேட்டால் என்ன நினைப்பார்?

---

> 'கெடல்' என்று எழுதுவதை விடுங்கள்

அது ஆர்தர் குவெடெல் என்ற மருத்துவரின் பெயர். 1933இல் இக்கருவியைப் பற்றி எழுதியவர். 'குவெடெல்' என்று எழுதினால் குறை தீர்ந்தது.

தூம்பு எங்கள் பக்கம் சாக்கடைக்கும் ஏரி மடைக்கும் வழங்குகிற சொல். அதைவிடப் பெரிய சிக்கல், பாடம் குவெடெலையும் பெர்மன் என்ற இன்னொரு வகை ஏர்வேயையும் ஒப்பிடுகிறது. குவெடெலுக்கு நடுவே புழை உண்டு. பெர்மனுக்கு நடுவில் தண்டுதான், காற்று இருபக்கப் பள்ளங்களில் ஓடும். புழையில்லாததைத் தூம்பு என்பதா? இரண்டும் நாக்கைத் தாங்குகின்றன. 'நாத்தாங்கி' என்போம்.

---

அம்மா, கதவில் நாதாங்கி இருக்கிறதே! அடைக்கும் பொருளின் பெயரைத் திறக்கும் கருவிக்கு வைக்கலாமா?

---

19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவரான கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மாணவருக்கு விளங்குவதே முதல் தேவை. நாத்தாங்கிக்கே என் வாக்கு.

---

அனைவருக்கும் நன்றி. நான்கு பேர் நாத்தாங்கி, இருவர் தூம்பு. இன்று வகுப்பில் எழுதிப் பார்த்தேன்: "கடைவாயிலிருந்து தாடைக் கோணம் வரை அளந்து நாத்தாங்கியைத் தேர்ந்தெடு. குட்டையானால் நாக்கையே பின்னுக்குத் தள்ளும், நீண்டால் குரல்வளை மூடியை அழுத்தும்." யாரும் திரும்பக் கேட்கவில்லை. முதல் இடத்தில் 'நாத்தாங்கி எனப்படும் ஏர்வே' என்றும் பிறகு 'நாத்தாங்கி' என்றும் போடுகிறேன்.

மாஸ்க் முகமூடியா, முகக்கவசமா என்று முடிவாகவில்லை. இந்தப் பதிப்பில் மாஸ்க்காகவே போகட்டும்.

---

சரி, அச்சுக்கு அனுப்புங்கள். மூக்கு வழியே போடும் ஏர்வே அடுத்த பாடத்தில்தானே வருகிறது? அதற்குப் புழை உண்டு. தூம்பை அங்கே மறுபடி கேட்பேன்.