ஒன்பதாம் வகுப்பு: எந்த வாசிப்பை விடுவது?

காவேரிக்கரை:
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்குப் பதினான்கு வயது. ஐந்தாம் வகுப்பில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன், வரும் செப்டம்பரில் உயர்நிலைப் பள்ளி. போன வருடம் சோதித்துப் பார்த்து டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதில் தடுமாறவைக்கும் கற்றல் குறைபாடு) என்றார்கள். ஐ.இ.பி.யும் போட்டாயிற்று (தெரியாதவர்களுக்கு: ஒரு பிள்ளைக்கென்றே எழுதும் கல்வித் திட்டம். அதில் எழுதியதைப் பள்ளி செய்தே ஆக வேண்டும்).

இப்போது தினமும் 42 நிமிடம் 'ரீடிங் சப்போர்ட்' வகுப்பு என்கிறார்கள். அதைச் சேர்த்தால் ஆர்கெஸ்ட்ராவுக்கு இடமில்லையாம். அவன் வயோலா வாசிப்பவன். அந்த வாசிப்பு வேண்டுமா இந்த வாசிப்பு வேண்டுமா என்று கேட்பதுபோல் இருக்கிறது.

வகுப்பில் என்ன எதிர்பார்க்கிறோம் என்று ஒரு தாள் தந்தார்கள். நேரத்துக்கு வர வேண்டும், போன் கூடாது, பிடித்த புத்தகத்தை 20 நிமிடம் சத்தமில்லாமல் படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி நோட்டில் நாலு வரி எழுத வேண்டும். வீட்டுப்பாடம் கிடையாது. மதிப்பெண்ணில் 60 சதவீதம் பங்கேற்புக்கு. ஐ.இ.பி.யில் இலக்கு: 'அடுத்த ஜூனுக்குள் ஐந்தாம் வகுப்பு அளவிலான பத்தியைப் படித்து, கேள்விகளுக்கு 80 சதவீதம் சரியாகப் பதில் சொல்வான்.'

ஐ.இ.பி.யில் கையெழுத்துப் போடு என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. நீங்களெல்லாம் என்ன செய்வீர்கள்?

பெரியண்ணன்72:
போடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு ஐந்தாம் வகுப்பு இலக்கு வைத்தால், எட்டினாலும் நாலு வருடம் பின்தங்கித்தான் இருப்பான். படிக்கத் தடுமாறுகிறவனிடம் புத்தகத்தைக் கொடுத்து 20 நிமிடம் சும்மா படி என்பது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்று மேட்டில் உட்காரவைத்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிரு என்பது மாதிரி.

டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர்களுக்கு புக்ஷேர் என்ற இணைய நூலகம் இலவசம். பாடப்புத்தகத்தையே வாசித்துக் காட்டும். கண்ணால் படித்தால் என்ன, காதால் படித்தால் என்ன, விஷயம் மண்டையில் ஏறினால் போதாதா? அவன் தலை நிமிர்ந்து உட்காரும் ஒரே இடம் அந்த ஆர்கெஸ்ட்ராவாக இருக்கலாம். அதைப் பிடுங்கிக்கொண்டு 'நீ மட்டம்' என்று முத்திரை குத்தும் அறைக்கு அனுப்பாதீர்கள்.

ரிசோர்ஸ்ரூம்:
நான் இந்த வகுப்பைத்தான் பதினொரு வருடமாக எடுக்கிறேன் (வேறு மாநிலம்). அண்ணன் சொல்வதில் பாதி சரி. அந்தத் தாள் எனக்கும் பிடிக்கவில்லை. நேஷனல் ரீடிங் பேனல் என்ற அமெரிக்க நிபுணர் குழு 2000-லேயே பார்த்தார்கள்: தானாகச் சத்தமில்லாமல் படிப்பதால் சரளம் கூடுகிறது என்று காட்ட அவர்களுக்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. வாய்விட்டுப் படிக்க, பக்கத்தில் ஒருவர் திருத்த, அதே பத்தியைத் திரும்பப் படிக்க — இதற்குப் பலன் தெரிந்தது.

ஆனால் வகுப்பே வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐ.இ.பி. உரிமை 1975 அமெரிக்கச் சட்டத்தில் வந்தது. பள்ளி டிப்ளமா வாங்கிய அன்றோடு அது முடிந்துவிடும். கல்லூரியில் கூடுதல் நேரம் கேட்கலாம், ஒலிப்புத்தகம் கேட்கலாம். 'எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடு' என்று கேட்க முடியாது. உங்கள் பையனிடம் மிச்சம் இருப்பது நாலே வருடம்.

அக்கா, ஒன்று சொல்லுங்கள். அவனுக்கு எது வரவில்லை? எழுத்துக்கூட்டுவதா, புரிந்துகொள்வதா? கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் ஒரு எளிய கணக்குப் போட்டார்கள். வாசித்துப் புரிவது என்பது எழுத்துக்கூட்டும் திறனும் கேட்டுப் புரியும் திறனும் சேர்ந்தது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எது குறைகிறது என்று பார்க்காமல் 'வாசிப்பு ஆதரவு' என்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மருந்து எழுதுவது.

காவேரிக்கரை:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது நிமிடத்துக்கு 92 சொல். யாராவது படித்துக் காட்டினால் வகுப்பில் எல்லாரையும்விட நன்றாகப் பதில் சொல்கிறானாம்.

தமிழும் அப்படித்தான். அம்மாயி வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித்தான் படிப்பான். ஊரில் இருந்தபோது சோம்பேறி என்று திட்டினோம். இங்கே வந்ததும் இங்கிலீஷ் புதுசு, சரியாகிவிடும் என்று மூன்று வருடம் போயிற்று.

ரிசோர்ஸ்ரூம்:
92 என்பது ரொம்பக் குறைவு. எந்த வகுப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று நாங்கள் பார்க்கும் ஹாஸ்புரூக்–டிண்டல் அட்டவணையில் (2017) இரண்டாம் வகுப்பு முடிவில் நடு அளவே 100, ஆறாம் வகுப்பு முடிவில் 146. புரிதல் கேள்விக்கு 80 சதவீதம் என்ற இலக்கு இவனுக்குப் பொருந்தவே இல்லை. புரிதல்தான் அவனுக்கு இருக்கிறதே!

அடையாறு_டீச்சர்:
சென்னையில் சிறப்புக் கல்வி ஆசிரியை. காவேரிக்கரை, தமிழிலும் மெதுவாகப் படிக்கிறான் என்பதை ஐ.இ.பி. கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். ஆங்கிலம் போதாததுதான் முக்கியக் காரணம் என்றால் அதைக் குறைபாடாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. இரண்டு மொழியிலும் இருந்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேர்க்கோடு இருப்பதால் ஆங்கில அளவுக்குத் தப்பாகப் படிக்க மாட்டார்கள். ஆனால் வேகம் வராது. கொம்பு படுத்தும் பாடு இருக்கிறதே! 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், துணைக்கால் பின்னால் நிற்கும், ஒலியோ எழுத்துக்குப் பிறகுதான் வரும். கண் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அந்த இடத்தில் இடறுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்குள் கற்றல் குறைபாடும் வந்துவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு எல்லாம் வாங்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையைத் தினமும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க என் பக்கத்துப் பள்ளிகளில் ஆளைத் தேட வேண்டும். தினம் 42 நிமிடம் என்றதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

பெரியண்ணன்72:
டீச்சர், இல்லாத ஊரைக் காட்டி இருப்பதை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கோ என்பது வாதமா? 2017-ல் எண்ட்ரூ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்காகப் பெற்றோர் போட்ட வழக்கு. வருடா வருடம் கிட்டத்தட்ட அதே இலக்கையே திரும்ப எழுதினார்கள் என்பதும் அவர்கள் சொன்ன குறை.

நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இந்த வகுப்பில் மூன்று வருடம் இருந்தாள். மூன்று ஐ.இ.பி.யையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன், தேதி மட்டும் மாறியிருந்தது. அதே 80 சதவீதம். ஆனால் மூன்று வருடமும் அந்த வகுப்பில் 'ஏ'. வேறு எதிலும் ஏ வாங்காத பெண் ஏ வாங்கியதும் நாங்கள் ஸ்வீட் வாங்கினோம். நேரத்துக்குப் போய் உட்கார்ந்ததற்கு வந்த ஏ அது.

மெதுவாசகன்:
வாசகனாகத்தான் இருப்பேன், இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கு 31 வயது, டிஸ்லெக்ஸியா. ஒன்பதாவது, பத்தாவது இரண்டு வருடமும் இந்த வகுப்பில் இருந்தேன்.

முதல் வருடம் அண்ணன் சொன்ன மாதிரியேதான். புத்தகத்தைத் திறந்து வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்புவேன். நண்பர்கள் பார்த்துவிடக் கூடாது என்று மணி அடித்து எல்லாரும் போகும்வரை டாய்லெட்டில் நிற்பேன். அப்புறம் ஓடுவேன். அதனால் லேட். அதனால் பங்கேற்பு மதிப்பெண் போச்சு.

இரண்டாம் வருடம் வேறு டீச்சர். சொல்லை உடைக்கச் சொல்லிக்கொடுத்தார். 'அன்பிரெடிக்டபிள்' என்றால் அன், பிரெடிக்ட், அபிள். நம்ம ஊர் 'பிரித்து எழுதுக' தான், வேறொன்றும் இல்லை. நீளமான சொல்லைப் பார்த்தால் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தவன் நின்று உடைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் மெதுவாகத்தான் படிப்பேன்.

காதால் படித்தால் போதும் என்கிறீர்களே அண்ணா, நானும் மெயிலை எல்லாம் போனில் கேட்பவன்தான். ஆனால் கட்டட வேலை பார்க்கிறேன். சைட்டில் பத்துப் பேர் நிற்கும்போது பாதுகாப்புப் படிவத்தை நீட்டி, படித்துக் கையெழுத்துப் போடு என்பார்கள். அங்கே ஹெட்போனை மாட்ட முடியாது.

பெரியண்ணன்72:
தம்பி, அது எனக்குத் தோன்றவில்லை. சரி. ஆனால் முதல் வருடம் வீண் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எந்த டீச்சர் கிடைப்பார் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சீட்டாட்டத்தில் வயோலாவைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்களா?

ரிசோர்ஸ்ரூம்:
தேதி மட்டும் மாறும் ஐ.இ.பி. உண்டு. எங்கள் பள்ளியிலும் பார்த்திருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆகவே அக்கா, வகுப்பை மறுக்காதீர்கள், இந்தத் தாளை மறுங்கள். எந்த முறையில் சொல்லித்தருகிறீர்கள், அதற்குப் பயிற்சி பெற்றவர் யார் என்று கேளுங்கள். நிமிடத்துக்கு 92 என்பது ஜூனில் எவ்வளவு ஆகும் என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு ஏறியது என்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பட்டும். ஏறவில்லை என்றால் ஜூன்வரை காத்திருக்க வேண்டாம், நடுவிலேயே கூட்டம் கூட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

அப்புறம் ஆர்கெஸ்ட்ரா. நியூ ஜெர்சியில் பள்ளி டிப்ளமா வாங்க 120 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குத் தரும் புள்ளி). அதில் கலைக்கு 5, வேற்று மொழிக்கு 5. கலை கிரெடிட் வயோலாவிலேயே வந்துவிடும். அவன் வகுப்பு அட்டவணையில் ஸ்பானிஷ் இருக்கிறதா? இருந்தால் அதைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளக் கேளுங்கள். வாசிப்பா வயோலாவா என்ற கேள்வியே அட்டவணை போட்டவரின் சௌகரியத்துக்காக வந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் பதினான்கு வயதிலிருந்தே பள்ளிக்குப் பிறகு என்ன என்று திட்டம் போட வேண்டும், அதைப் பேசும் கூட்டத்துக்குப் பிள்ளையையும் அழைக்க வேண்டும். அவனை அழைத்தார்களா?

காவேரிக்கரை:
ஸ்பானிஷ் இருக்கிறது! ஏன் யாரும் சொல்லவில்லை என்று தெரியவில்லை. அழைப்பில் அவன் பெயரும் இருந்தது, சின்னப் பையன் எதற்கு என்று நான்தான் பள்ளிக்கு அனுப்பிவிடுவதாக இருந்தேன்.

நேற்று ராத்திரி அவனிடமே கேட்டேன். ஸ்பானிஷ் அடுத்த வருடம் என்றதும் அப்பாடா என்றான். வகுப்புக்குப் போகிறேன், ஆனால் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லக் கூடாது என்றான். அந்த அறையை முன்னமே பார்த்து வைத்திருக்கிறான். கேன்டீன் போகும் வழியாம், கதவில் கண்ணாடியாம்.

வாய்விட்டுப் படிப்பதில்தான் பலன் என்றீர்களே, என்ன செய்வது?

ரிசோர்ஸ்ரூம்:
மூலையில் டீச்சரோடோ உதவியாளரோடோ தனியாகப் படிக்கட்டும், நாளுக்குப் பத்து நிமிடம். எல்லார் முன்னாலும் படிக்கவைக்க மாட்டோம் என்று ஐ.இ.பி.யிலேயே ஒரு வரி சேர்க்கலாம். நான் பல பிள்ளைகளுக்குச் சேர்த்திருக்கிறேன்.

பெரியண்ணன்72:
கூட்டம் எப்போது? வியாழனா? எதில் 80 சதவீதம் என்று என் சார்பிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வது எதையும் வாய்வார்த்தையாக விடாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

மெதுவாசகன்:
அக்கா, கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு சார்ட் பேப்பர் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாம் வருட டீச்சர் முதல் நாளே ஒட்டினார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.