வேலூர் போர் தண்ணீரும் செடித்தொட்டியும்: கேஸ் வேண்டுமா, வேண்டாமா?

காட்பாடி கண்ணாடி:
வணக்கம். மீனும் நீர்ச்செடியும் வளர்க்கிற 2 அடிக் கண்ணாடித் தொட்டி, 55 லிட்டர் பிடிக்கும். வீட்டு போர் தண்ணீர்தான், கே.எச் (தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டின் அளவு) 12 காட்டுகிறது. சிவப்பு ரோட்டாலா செடி நட்டு மூன்று மாதம் ஆகிறது. கீழ் இலையெல்லாம் உதிர்ந்து, வெறும் குச்சி மேல் தொப்பி வைத்த மாதிரி நுனி மட்டும் நிற்கிறது. வெளிச்சம் போதவில்லையோ என்று விளக்கை 10 மணி நேரம் எரியவிட்டேன். கண்ணாடி முழுக்கப் பாசி பிடித்ததுதான் மிச்சம். கடைக்காரர் செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர் போடச் சொல்கிறார். போடலாமா?

கொசப்பேட்டை கப்பி:
வேண்டாம் தம்பி. பட்டவன் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் 14 நியான் டெட்ரா மீனும் செத்து மிதக்கின்றன. டிராப் செக்கர் (தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் குமிழ்) பச்சையாகத்தான் இருந்தது. பச்சை என்றால் சரியான அளவு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? அன்றைக்கே சிலிண்டரைக் கழற்றினேன். இப்போது வேலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும்தான். நம் ஊர் உப்புத் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட்டையே அவை கார்பனுக்கு எடுத்துக்கொள்ளும். இலையைத் தடவினால் சொரசொரவென்று சுண்ணாம்பு கையில் வரும், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற மாதிரி. கேஸுக்குப் பைசா செலவில்லை.

பாகாயம் பச்சை:
கப்பி அண்ணா சொல்வது அந்த இரண்டு செடிக்குச் சரி. எல்லாச் செடிக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உலர்ந்த செடியின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கார்பன். சும்மா காற்றுப்பட நிற்கிற தண்ணீரில் இந்த கேஸ் அரை பி.பி.எம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) அளவுக்குத்தான் இருக்கும். அதுவும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத் தண்ணீரில் பரவும். இதில் விளக்கை மட்டும் கூட்டுவது, அரிசி போடாமல் உலையை எரியவிடுகிற கதை. சோறு வராது, பாசிதான் வரும்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். டிராப் செக்கருக்குள் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

கொசப்பேட்டை கப்பி:
இது என்ன கேள்வி? தொட்டித் தண்ணீரை எடுத்து ஊற்றி, மூன்று சொட்டு நீல மருந்து விட்டேன்.

பாகாயம் பச்சை:
அங்கேதான் போனது. அதற்குள் கே.எச் 4 உள்ள கரைசல்தான் இருக்க வேண்டும். அதில் பச்சை வரும்போது பி.எச் (கேஸ் கரையக் கரைய இறங்கும் அமில அளவு) சுமார் 6.6, அப்போது கேஸ் 30 பி.பி.எம். நம் தண்ணீர் கே.எச் 12. அதே பச்சை இதில் வர 90 பி.பி.எம் வேண்டும். மூன்று மடங்கு! மீன் செத்தது கேஸால்தான், ஆனால் கண்ணை மறைத்தது போர் தண்ணீர்.

கொசப்பேட்டை கப்பி:
...சரி. இதை அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. ராத்திரியும் நிறுத்தாமல்தான் விட்டிருந்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் வெயிலை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். மே மாதம் இங்கே 40 தாண்டும். 31 டிகிரிக்கு மேல் போனால் சிலிண்டருக்குள் திரவமே இருக்காது, அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். தண்ணீரிலும் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும் என்றால் 32-இல் 7 சொச்சம்தான். மீனுக்கே மூச்சு முட்டுகிற நேரத்தில் கேஸும் விடுவீர்களா?

சத்துவாச்சாரி நைட் டியூட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிலிண்டர் வேண்டாம் என்று நான் சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டில் வைத்தேன். இந்தச் சூட்டுக்கு முதல் நான்கு நாள் பொங்கோ பொங்கென்று வந்தது, அப்புறம் படுத்துவிட்டது. ராத்திரி நிறுத்தவும் வழியில்லை. வீடு முழுக்கப் புளித்த நாற்றம். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, காரணம் கேட்டால் பாட்டிலைக் காட்டினார்.

பாகாயம் பச்சை:
😄 ஈஸ்டை விட்டுவிடுங்கள். வெயில் பற்றிக் கப்பி அண்ணா சொன்னது நியாயம், அதில் வாதமில்லை. சிலிண்டரை ஜன்னலோரம் வைக்கக்கூடாது. நிரப்பும்போது எடை போட்டுப் பார்க்க வேண்டும், குறித்த அளவுக்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்ற விடக்கூடாது. சோலனாய்டு (கரண்டில் திறக்கும் வால்வு) வைத்தால் விளக்குக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னே திறந்து, விளக்கோடு மூடிக்கொள்ளும். கரண்ட் போனாலும் மூடிவிடும். ராத்திரி செடியும் மீனைப் போல ஆக்சிஜனைத்தான் இழுக்கும், அப்போது ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடட்டும். காட்பாடித் தம்பி, உன் கே.எச் 12-க்குத் தொட்டித் தண்ணீரின் பி.எச் 7.1-க்கு வந்தாலே 28 பி.பி.எம் ஆகிவிடும். அதற்குக் கீழே இறக்காதே.

காட்பாடி கண்ணாடி:
இத்தனை கணக்கா! இப்போதைக்கு விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, ரோட்டாலா நுனியை வெட்டி மறுபடி நடுகிறேன். சிலிண்டர் அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு பார்க்கலாம்.

கொசப்பேட்டை கப்பி:
என்னைக் கேட்டால் அப்போதும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கைப்பிடி வேலிஸ்னேரியா பிடுங்கிப் போடுகிறேன். ஞாயிறு வந்து எடுத்துக்கொள்.

பாகாயம் பச்சை:
போகிறபோது அந்த டிராப் செக்கரையும் கேட்டு வாங்கி வந்துவிடு. அவரிடம் சும்மாத்தானே கிடக்கிறது.