“கர்த்தர் அல்ல, நானே”: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் அக்கா கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து ஞானஸ்நானம் எடுத்தவர். மாமா கோயிலுக்குப் போகிறவர். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அக்கா சபைக்குப் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரே டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். அக்கா தலையில் கை வைத்து, “மகளே, அந்நிய நுகத்தை விட்டு வெளியே வா என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். விசுவாசத்துக்கு வராத மாமாவை விட்டு வா என்று அர்த்தம். நாலு ராத்திரி அக்காவுக்குத் தூக்கமில்லை. மனுஷன் சொன்னால் மறுத்துப் பேசலாம், கர்த்தர் சொன்னதாகச் சொல்லிவிட்டால் யாரிடம் போய் மறுப்பது? ஐந்தாம் நாள் பையனின் யூனிஃபார்மையும் நாலு புடவையையும் ஒரு பையில் அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பெரியம்மா ரிட்டயர்டு டீச்சர். திட்டவில்லை. காபி கொடுத்தார், அப்புறம் தன் வேதாகமத்தை எடுத்து, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் 1 கொரிந்தியர் 7-ஐ விரித்தார். “10-ஆம் வசனம் படி கண்ணு.” அக்கா படித்தார்: “நானல்ல, கர்த்தரே கட்டளையிடுகிறதாவது.” “இப்ப 12.” “கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது.” பெரியம்மாவின் விரல் அந்த ‘நானே’க்குக் கீழேயே நின்றது.

“பவுல் யாரு? அப்போஸ்தலன். அவரே இது ஆண்டவர் சொன்னது, இது நான் சொல்றதுன்னு பிரிச்சு எழுதியிருக்கார். வெள்ளிக்கிழமை வந்தவர் அப்படிப் பிரிச்சுச் சொன்னாரா?”

இத்தனை வருடமாக அந்த அதிகாரத்தைப் படிக்கிறேன், இது என் கண்ணில் பட்டதே இல்லை. மணவிலக்கு பற்றி இயேசு பேசியது மாற்கு 10-இல் இருக்கிறது, அதனால் 10-ஆம் வசனத்தில் ‘கர்த்தரே’ என்கிறார். ஆனால் புருஷன் பெண்சாதியில் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்தால் என்ன செய்வது என்பது கொரிந்து சபையில் எழுந்த கேள்வி. அதற்கு இயேசுவின் வார்த்தை ஒன்றும் பவுலின் கையில் இல்லை. அதனால்தான் ‘நானே’ என்கிறார். அவர் சொன்ன பதிலும், அவிசுவாசியான புருஷன் கூட வாழச் சம்மதித்தால் அவனை விடாதே என்பதுதான். அந்த ஊழியக்காரர் கையில் எடுத்த நுக வசனம் 2 கொரிந்தியர் 6:14. அதில் கல்யாணம் என்ற பேச்சே இல்லை.

எனக்கு இதில் கோபம் இன்னும் போகவில்லை. “என் அபிப்பிராயம் இது” என்று அவர் சொல்லியிருந்தால் அக்கா ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். பவுல் சொன்னதையே பெரோயா ஊர்க்காரர்கள் தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17-இல் இருக்கிறது, அதைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து நானும் கேட்டுவிடுகிறேன்: “ஐயா, இது வசனமா, உங்கள் அபிப்பிராயமா?” சிலருக்கு முகம் சுண்டிப்போகும். ஒரு போதகர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அபிப்பிராயம்தான் தம்பி” என்றார். அவர் பிரசங்கத்தை இப்போது கூடுதல் கவனத்தோடு கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். பையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. எடுத்து வண்டியின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டார்.

ஏற்காட்டிலிருந்து ஒரு மறுமொழி:

படித்ததும் எங்கள் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. எங்கள் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. நாங்கள் கத்தோலிக்கர். காபித் தோட்டத்து எல்லைக்காகக் கூடப்பிறந்த அண்ணன்மேல் சித்தப்பா வழக்குப் போட்டார். சகோதரர்கள் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள் என்று 1 கொரிந்தியர் 6-இல் இருக்கிறதே என்று அம்மா கேட்டதற்கு, “அது பவுலோட சொந்தக் கருத்து. ‘நானே’ன்னு அவரே சொல்லியிருக்கார்ல” என்றார்.

ஃபாதர் வீட்டுக்கு வந்தபோது அம்மா இதைச் சொல்லிவிட்டார். “அந்த ‘நானே’ ஏழாம் அதிகாரத்துல இருக்கு, நீங்க ஆறுக்குத் தூக்கிட்டு வந்துட்டீங்க. அதே ஏழாம் அதிகாரம் முடியும்போது, எனக்கும் கடவுளுடைய ஆவி இருக்குன்னு சொல்லித்தான் முடிக்கிறார். 14:37-ல நான் எழுதுறது ஆண்டவரோட கட்டளைன்னே சொல்றார்” என்றார் ஃபாதர். அப்புறம், திருச்சபையின் போதிக்கும் அதிகாரம்கூட இறைவார்த்தைக்கு மேலே இல்லை, அதற்குப் பணி செய்யத்தான் இருக்கிறது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை) எழுதிவைத்ததைச் சொல்லி, “அப்படியிருக்க நீங்களும் நானும் எம்மாத்திரம்?” என்று கேட்டார். சித்தப்பா மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. ஆனால் “பவுலோட கருத்து” என்று இப்போது அவர் சொல்வதில்லை. அம்மா கேட்டால், “எனக்கு மனசு வரலை அண்ணி” என்கிறார்.