விளைக்கு ஏறுற வழியும் குட்டி ஃபோர் பை ஃபோரும்: உங்க அனுபவத்தையும் போடுங்க

குலசேகரம் பக்கத்துல எங்க அத்தைக்கு ரப்பர் விளை (தோட்டம்) இருக்கு. தார் ரோட்டுல இருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் ஏத்தம், ஒரு பக்கம் கையாலை (கல்லுமண் சுவரு), இன்னொரு பக்கம் ஓடை, நடுவுல செம்மண்ணும் உருண்டைக் கல்லும் கெடக்குற வழி. போன ஐப்பசியில நாலு நாளா மழை விடல, பால்வெட்டும் இல்ல, ராத்திரி ஒம்பது மணிக்கு மாமா போன் பண்ணி, அத்தைக்கு ரெண்டு நாளா காச்சல், இப்ப எந்திரிச்சு நிக்கவே முடியல, ஆட்டோ ஒண்ணும் மேல ஏற மாட்டேங்கு மக்களேன்னு சொன்னாரு. உடனே வண்டிய எடுத்துட்டு கெளம்பிட்டேன்.

என்கிட்ட இருக்கது அஞ்சு கதவு மாருதி ஜிம்னி, நாலு சக்கரமும் இழுக்குற ஃபோர் பை ஃபோர், 2023ல வந்த மாடல், மேனுவல் கியர். 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பிஎஸ்தான், ஹைவேல பெருசா பாயாது, பின்னாடி சாமான் வைக்குற எடம் 208 லிட்டர், நாலு பேருதான் இருக்க முடியும். இதெல்லாம் தெரிஞ்சேதான் வாங்குனேன், ஏன்னா எனக்கு வேண்டியது வேகம் இல்ல, இந்த வழி.

அன்னைக்கு நான் செஞ்ச தப்ப சொல்லிடுதேன், நீங்க செய்யாம இருக்கணும். அவசரத்துல டூ ஹைலயே, அதாவது பின் சக்கரம் ரெண்டு மட்டும் இழுக்குற நெலையிலயே, வேகமா ஏத்துனேன். ரெண்டாவது வளைவுல பின் டயர் சுத்த ஆரம்பிச்சு, நான் இன்னும் ஆக்ஸிலேட்டர மிதிக்க, வண்டி சரிஞ்சு எடது பின் சக்கரம் ஓடைக்குள்ள எறங்கிட்டு. மழையில எறங்கி டார்ச் அடிச்சு பாத்தா அந்த சக்கரம் அந்தரத்துல நிக்குது. சும்மா ஒரு நிமிசம் மூச்சு விட்டுட்டு உள்ள ஏறி, கிளட்ச மிதிச்சு, இந்த நெலைய மாத்துற ட்ரான்ஸ்ஃபர் லிவர அமுக்கி இழுத்து ஃபோர் லோல போட்டேன். வண்டி நின்னாத்தான் அதுல விழும், அதே நேரம் நாலு சக்கரமும் சாதாரண வேகத்துல இழுக்குற ஃபோர் ஹைக்கு ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாத்தலாம்.

ஃபோர் லோன்னா என்னன்னா, அதே எஞ்சின்தான், ஆனா ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இன்னொரு பல்சக்கரம் சேந்து இழுவைய ஏறக்குறைய ரெண்டு மடங்காக்கும், வேகம் பாதியாயிடும். ஃபர்ஸ்ட் கியர்ல கால வச்சா வண்டி ஆமை மாதிரி நவுரும். அந்தரத்துல நிக்குற சக்கரம்தான் முதல்ல சும்மா சுத்துச்சு. சாதாரண டிஃபரன்ஷியல் (ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பவர பிரிச்சு விடுற பாகம்) லேசா சுத்துற சக்கரத்துக்கே பவர விட்டுரும், இதுல பிரேக் எல்எஸ்டின்னு ஒண்ணு இருக்கதால அந்த ஒத்த சக்கரத்த மட்டும் தானே பிரேக் புடிச்சு எதிர்ச்சக்கரத்துக்கு பவர தள்ளும். கடகடன்னு சத்தம் வரும், பயந்து கால எடுத்துராதீங்க, அதுக்கு ரெண்டு மூணு செகண்ட் கொடுக்கணும். ஒரே அளவுல மிதிச்சு வச்சேன், வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேல வந்துட்டு. அதுக்கப்புறம் வீடு வர எங்கயும் சறுக்கல.

எறங்குறதுதான் கஷ்டம்னு நெனச்சேன். அத்தைய முன்னாடி சீட்ட சாச்சு படுக்க வச்சோம், மாமா பின்னாடி இருந்து தோள புடிச்சுக்கிட்டு பையப் பைய எறக்கு மக்களே, மெதுவா எறக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஃபோர் லோ, ஃபர்ஸ்ட் கியர், ஹில் டிசன்ட் பட்டன். பிரேக்குல காலே வைக்கல, அதுவா நாலு சக்கரத்தையும் தனித்தனியா புடிச்சு புடிச்சு எறக்கிச்சு. கையாலைக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்திருக்கும். வண்டி அகலம் 1645 மி.மீ, பெரிய வண்டியா இருந்தா அந்த எடத்துல நுழைஞ்சிருக்கவே முடியாது. பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. உங்க அனுபவம் சொல்லுங்க.

தக்கலையில இருந்து:
அத்தை நல்லா இருக்காங்கன்னு நம்புதேன் அண்ணே. நானும் இதே வண்டிதான், சானல்கரை (கால்வாய்க் கரை) வழியாத்தான் தெனமும் விளைக்கு போறது. முன்னாடி மூக்கு தட்டாம 36 டிகிரி சரிவு ஏறும், பின்னாடி அதவிட ஜாஸ்தி, அதனால மூக்கும் வாலும் தட்டாது. மேட்டு உச்சியில தட்டாம இருக்க நடு வயித்தத்தான் பாக்கணும், அதுக்கு கோணம் 24 டிகிரிதான். மூணு கதவு ஜிம்னிய விட இதுக்கு வீல்பேஸ் 340 மி.மீ கூட, அதனால வரப்பு மாதிரி மேட்ட நேரா ஏறாம லேசா சரிச்சு ஏறுங்க. தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல இருக்க 210 மி.மீ கிளியரன்ஸ நம்பி நேரா போயி நான் ரெண்டு தடவ அடி வாங்கிருக்கேன்.

ராஜாக்கமங்கலத்துல இருந்து:
எங்க பக்கம் கடல் மணல். டயர் காத்த 18 பிஎஸ்ஐக்கு எறக்காம யாரும் மணல்ல விடாதீங்க, திரும்ப தார்ல ஏறும்போது மறக்காம காத்து அடிச்சுருங்க. வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்த நல்ல தண்ணியில கழுவணும், உப்பு ஃப்ரேம தின்னுரும். இன்னொண்ணு, காஞ்ச தார்ல ஃபோர் ஹைல ஓட்டாதீங்க. இதுக்கு நடு டிஃபரன்ஷியல் கெடையாது, வளைவுல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், முடியாம ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி காத்துல போறப்ப ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும், உயரமான லேசான வண்டி, காத்து தள்ளும்.

பேச்சிப்பாறை, ஜீப் ஓட்டுறவன்:
இருவது வருசமா மலைக்கு ஜீப் ஓட்டுதேன். தம்பி சொன்ன ஒத்த சக்கர விஷயம் எங்க பழைய ஜீப்புல கெடையாது, கல்லு அடுக்கித்தான் ஏத்துவோம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. குற்றியாறு தரைப்பாலத்துல வெள்ளம் ஏறி ஓடுச்சுன்னா எந்த ஃபோர் பை ஃபோரும் வேலைக்கு ஆகாது. சேத்துல வண்டி லேசா இருக்கது நல்லது, ஓடுற வெள்ளத்துல அதேதான் எமன், டயர் தரையில பதியாம வண்டி மிதந்துரும். வெள்ளம் கலங்கி, சருகும் கம்பும் அடிச்சுட்டு வந்தா மேல மலையில மழைன்னு அர்த்தம். இக்கரையிலயே நின்னு சாயா குடிச்சுட்டு வெள்ளம் எறங்குற வர இருங்க. காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போகவும் செய்யாதீங்க.

குலசேகரம்:
தக்கலை தம்பி, அத்தைக்கு அஞ்சு நாள்ல சரியாயிட்டு, இப்ப மறுபடியும் கோழிக்கு பின்னாடி ஓடுதாங்க. ஜீப் அண்ணே, நீங்க சொன்ன சருகு கணக்கு எனக்கு தெரியாது, எங்க வழியிலயும் கீழ ஒரு ஓடை குறுக்க வருது, இனிமே அதத்தான் முதல்ல பாப்பேன். மாமாவும் நானும் அந்த ரெண்டாவது வளைவுல ஓடைப்பக்கம் கல்லு கெட்டலாம்னு இருக்கோம், எவ்வளவு ஆழத்துக்கு தோண்டணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.